நிராகரணத்துக்குப் பிறகு

அபய விண்ணப்பத்துக்கு நிராகரணக் கடிதம் ஒன்று வந்துவிட்டால் நம்மவர்கள் முதலில் தொலைபேசியில் அழைப்பது அப்புக்காத்தை அல்ல. இலண்டனில் இருக்கிற மைத்துனரையோ மெல்பேர்ணில் இருக்கிற சித்தப்பாவையோதான். அவர்களும், தங்கள் தேசத்து நியாயஸ்தலங்களில் தாங்கள் பட்ட பாட்டையே சர்வதேசப் பிரமாணமாக வைத்துக்கொண்டு, "அப்பீல் போட்டும் பிரயோசனமில்லை, அந்த ஒபிசர் சட்டப்படி நடந்தானோ எண்டு மட்டும்தான் பாப்பாங்கள்" என்று சொல்லி, கேட்பவனுடைய பாதி உயிரை அந்த நிமிஷத்திலேயே வாங்கிவிடுகிறார்கள். அவர்கள் சொல்வது அவர்கள் இருக்கும் இடத்துக்கு ஓரளவு உண்மை. இத்தாலியின் பலெர்மோவில் இருப்பவனுக்கோ அது பெரும்பாலும் பொய். இந்த வித்தியாசத்தை விஸ்தாரமாக எழுதவேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். நான் சட்டம் படித்தவன் அல்லேன். பாஷை தெரிந்த குற்றத்துக்காக, பிறருடைய கடிதங்களை வாசித்து அர்த்தம் சொல்லும் உத்தியோகத்தில், சம்பளமில்லாமல், பலகாலம் இருந்து வருபவன். அவ்வளவுதான் என் யோக்கியதை.

பலெர்மோவுக்கு வந்த முதல் தலைமுறைத் தமிழர்களிடம், "நீங்கள் ஏன் அகதி அந்தஸ்துக் கேட்கவில்லை?" என்று இளையவர்கள் கேட்பதுண்டு. அவர்கள் கேட்கவில்லை என்பதைவிட, கேட்பதற்கு இங்கே வாசலே இருக்கவில்லை என்பதுதான் சரித்திரம். 1951-ஆம் வருஷத்து ஜெனீவா உடன்படிக்கையில் கையெழுத்திட்ட இத்தாலி, ஐரோப்பாவிலிருந்து வரும் அகதிகளை மாத்திரமே அகதிகளாக ஏற்பேன் என்று ஒரு பூகோள நிபந்தனையையும் சேர்த்தே கையெழுத்திட்டது; ஆகையால் 1983-இன் ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு வந்து இறங்கிய யாழ்ப்பாணத்து வாலிபன், இந்நாட்டின் கண்ணுக்கு அகதியாகவே தென்பட முடியாதவனாக இருந்தான். அவன் பலெர்மோவின் பெரிய வீடுகளில் சமையலுக்கும் துப்புரவுக்கும் கிழவர்களைப் பராமரிக்கவும் அமர்ந்து, 1986-இலும் 1990-இலும் பின்னரும் வந்த பொதுமன்னிப்புச் சட்டங்களின் வழியாக, தொழிலாளி என்ற பெயரில் சொஜோர்னோ என்ற தங்கும் அனுமதி பெற்றுக் குடியேறினான். மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் சாந்தா ரொசாலியாவின் குகைக்கு, சைவனும் கத்தோலிக்கனுமாக நடந்து ஏறும் வழக்கமும், பல்லரோ சந்தையில் முருங்கைக்காய் விற்கும் கடையும் எல்லாம் இந்தத் தொழிலாளிச் சொஜோர்னோவின்மேல் எழுந்தவைதான்.

அந்த நிபந்தனையை உடைத்தது ஒரு கொலை. தென்னாபிரிக்காவின் நிறவெறி ஆட்சிக்குத் தப்பி 1988-இல் ரோம் வந்திறங்கிய ஜெரி மஸ்லோ என்பவர் அபயம் கேட்டபோது, அவர் ஐரோப்பியர் அல்லர் என்ற ஒரே காரணத்தால் இத்தாலி அதை மறுத்தது. தக்காளி பறிக்கும் கூலியாக நாப்போலிக்கு அருகில் வில்லா லித்தெர்னோவில் வேலை செய்துகொண்டிருந்த அவரை, 1989 ஓகஸ்டில் ஓரிரவு கொள்ளைக்காரர்கள் சுட்டுக் கொன்றார்கள். தேசம் முழுவதும் வெட்கப்பட்டது. அடுத்த வருஷத்து 39-ஆம் இலக்கச் சட்டம், மார்த்தெல்லி என்ற மந்திரியின் பெயரால் வழங்குவது, பூகோள நிபந்தனையை நீக்கியது. உயிரோடிருந்தபோது கேட்டுக் கிடைக்காததை ஒருவர் இறந்து பிறருக்குச் சம்பாதித்துக் கொடுத்தார்.

ஆனால் இத்தாலியின் நியாயஸ்தலம் இலண்டன் நியாயஸ்தலத்திலிருந்து வேறுபடுவதற்கு மூலகாரணம் ஜெனீவா அல்ல, இந்நாட்டின் அரசியலமைப்பே. பாசிஸத்தின்கீழ் தாங்களே நாடு கடந்து பிறர் வாசலில் நின்ற அனுபவமுள்ளவர்கள் பலர் கூடியிருந்து எழுதிய அந்தச் சாசனம், இங்கே உறுதியளிக்கப்பட்ட ஜனநாயக சுதந்திரங்களைத் தன் தேசத்தில் மெய்யாகவே அனுபவிக்கத் தடைப்பட்ட அந்நியனுக்கு, இந்தக் குடியரசில் அபயம் பெறும் உரிமை உண்டு என்று 10-ஆம் உறுப்பில் சொல்கிறது. உரிமை என்று சொல்லிவிட்டபடியால், அது மந்திரியின் கருணையாக இருக்க முடியாது. 1997-இல் கசாசியோனே என்ற உச்ச நியாயஸ்தலம் இதைத் திட்டவட்டமாக்கி, இவ்வுரிமை மனிதனுக்குச் சொந்தமான தனி உரிமை, ஆகவே இதைப் பற்றிய வியாஜ்ஜியம் நிர்வாக நீதிமன்றத்துக்குரியதன்று, சொத்து வழக்கையும் கலியாண வழக்கையும் கேட்கிற சாதாரண சிவில் நீதிபதிக்கே உரியது என்று தீர்த்தது. குர்து இயக்கத் தலைவர் ஒஜலான் 1998-இல் ரோம் வந்து அபயம் கேட்டு, விசாரணை முடிவதற்குள் நாட்டை விட்டகன்று, கென்யாவில் பிடிபட்டு, துருக்கியில் மரணதண்டனை விதிக்கப்பட்டுச் சிறைத்தீவில் கிடந்தபோது, 1999 ஒக்டோபரில் ரோம் நியாயஸ்தலம் அவருக்கு அபய உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. அவரால் அதை அனுபவிக்க முடியாது என்பது நீதிபதிக்குத் தெரியாததல்ல. உரிமை உண்டா இல்லையா என்று கேட்கப்பட்டது. உண்டு என்று சொன்னார்.

நிர்வாக முடிவை மறுபரிசீலனை செய்வது வேறு, உரிமையைப் பிரகடனம் செய்வது வேறு. முன்னது பரீட்சையில் மறுகூட்டல் கேட்பது போன்றது: கூட்டல் சரியா, எல்லாப் பக்கமும் திருத்தப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, உங்கள் விடைக்கு எத்தனை புள்ளி தகும் என்று புதிதாக யோசிக்க மாட்டார்கள். பின்னதில் விடைத்தாளையே மறுபடி வாசிக்கிறார்கள். அதற்கும் மேலே, பரீட்சை முடிந்த பிறகு நீங்கள் எழுதிக்கொண்டுவந்த தாளையும் சேர்த்து வாசிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013-ஆம் வருஷத்து நடைமுறை ஆணையும் இதையே எல்லா உறுப்பு தேசங்களுக்கும் விதித்தது: நீதிபதி சம்பவங்களையும் சட்டத்தையும் முழுமையாக, தீர்ப்புச் சொல்லும் நாளின் நிலைமையை வைத்து ஆராய வேண்டும். விண்ணப்பத்தை முதலில் விசாரித்து நிராகரித்த கொமிசியோன் என்ற அதிகாரசபையின் கடிதத்தை ரத்துச் செய்து திருப்பியனுப்புவதோடு பலெர்மோ நீதிபதியின் வேலை முடிவதில்லை. அவரே அகதி அந்தஸ்தையோ உபபாதுகாப்பையோ கொடுத்துவிடலாம்.

மறுகூட்டல் முறை மனிதனை என்ன செய்யும் என்பதற்கு நம்மவருடைய வழக்கே உலகச் சட்டப் புஸ்தகங்களில் உதாரணமாக நிற்கிறது. 1987-இல் பிரித்தானியாவில் வந்திறங்கி அபயம் கேட்ட தமிழ் வாலிபர் சிலருடைய விண்ணப்பங்களை உள்துறை மந்திரி நிராகரித்தார். அவர்கள் நியாயஸ்தலம் ஏறினார்கள். உயர் நீதிமன்றம் கைவிட்டது. மேன்முறையீட்டு நீதிமன்றம் ஒக்டோபரில் அவர்கள் பக்கம் நின்றது. டிசம்பர் 16-ஆம் திகதி பிரபுக்கள் சபை அதைக் கவிழ்த்து, அகதியின் பயம் அவனுடைய மனத்தில் இருந்தால் போதாது, வெளியுலக நிலைமையும் அதற்கு ஆதாரமாக இருக்க வேண்டும், அதை நிதானிப்பவர் மந்திரியே, அவர் நிதானித்த முறையில் சட்டப்பிழை இல்லை என்று முடித்தது. 1988 பெப்ரவரியில் அவர்கள் கொழும்புக்கு அனுப்பப்பட்டார்கள். பிரித்தானியச் சட்டத்தில் அக்காலத்தில் இவர்களைப் போன்றவர்களுக்கு உண்மையான மேன்முறையீட்டு உரிமை ஒன்று இருக்கத்தான் செய்தது; ஆனால் அதை நாட்டை விட்டுப் போன பிறகுதான், போன இடத்திலிருந்துதான் பிரயோகிக்க முடியும். எந்த தேசத்திலிருந்து என்னைக் காப்பாற்று என்று ஒருவன் கேட்டானோ அதே தேசத்தில் இருந்துகொண்டு, தபால் மூலம், என்னைக் காப்பாற்றாதது பிழை என்று வாதாட வேண்டும்! அப்படியும் வாதாடினார்கள். 1989 மார்ச்சில் ஒரு மத்தியஸ்த நீதிபதி சாக்ஷியங்களை முதன்முறையாகத் தாமே நிறுத்துப் பார்த்து, இவர்களுடைய பயம் நியாயமானது, இவர்களை அனுப்பியது தவறு என்று தீர்த்தார். அவ்வருஷம் ஒக்டோபரில் அவர்கள் இலண்டனுக்குத் திரும்பினார்கள். இடைக்காலத்தில் தாம் இம்சைக்கு ஆளானதாக அவர்களில் சிலர் சொன்னார்கள்.

கதை இங்கே முடிந்திருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அவர்களில் ஐவர் ஸ்திராஸ்பூர்க்கிலுள்ள மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனார்கள். வில்வராசா வழக்கு என்று இன்றும் வழங்கும் அந்த வழக்கில், 1991 ஒக்டோபர் 30-ஆம் திகதி, பிரித்தானியா ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையை மீறவில்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் தீர்மானித்தார்கள். இவர்களுக்கு இருந்த ஆபத்து அக்காலத்தில் எல்லாத் தமிழ் வாலிபர்களுக்கும் இருந்த பொது ஆபத்தைவிடத் தனிப்பட விசேஷமானதன்று என்பது ஒரு நியாயம். மந்திரியின் முடிவைச் சட்டரீதியாகப் பரிசீலிக்கும் ஆங்கில முறை போதுமான பரிகாரமே என்பது மற்றொன்று. கேள்வி எது என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது என்பதற்கு இதைவிடப் பெரிய திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது: அதே மனிதர்கள், அதே சம்பவங்கள், மந்திரி சட்டப்படி நடந்தாரா என்று கேட்டவர்கள் முடிவில் ஆம் என்றார்கள், இவர்களுக்கு ஆபத்து உண்டா என்று கேட்ட ஒருவர் உண்டு என்றார். பின்னர் 1993-இல் பிரித்தானியா சட்டத்தைத் திருத்தி, நாட்டில் இருந்துகொண்டே மேன்முறையீடு செய்யும் உரிமையைக் கொடுத்தது.

அவுஸ்திரேலியாவில் இன்றைக்கும் மறுகூட்டல்தான் நீதிமன்றத்தின் அதிகாரம். அங்கே தீர்ப்பாயம் நிராகரித்த பின் நீதிபதியிடம் போனால், தீர்மானித்தவர் தம் அதிகார எல்லையை மீறிப் பிழைவிட்டாரா என்பதே கேள்வி. குவீன்ஸ்லாந்தில் பிலோவீலா என்ற சிற்றூரில் வாழ்ந்த தமிழ்க் குடும்பத்தை அவ்வூராரே வருஷக்கணக்கில் போராடி மீட்ட கதை எல்லாருக்கும் தெரியும். ஆனால் அவர்கள் நீதிமன்றத்தில் பெற்ற வெற்றி எத்தகையது என்பது பலருக்குத் தெரியாது. இளைய மகளின் விண்ணப்பம் பற்றிய பரிசீலனையில் நடைமுறை நியாயம் வழங்கப்படவில்லை என்று 2020-இல் ஒரு நீதிபதி தீர்த்தார். அடுத்த வருஷம் அது உறுதியாயிற்று. அவ்வளவே. அவர்களுக்கு ஆபத்து உண்டென்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை, சொல்ல அவருக்கு அதிகாரமும் இல்லை. 2022-இல் அரசாங்கம் மாறியதால்தான் நிரந்தர விசா வந்தது. சித்தப்பாவின் அவநம்பிக்கைக்கு இப்படி நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது அவுஸ்திரேலியச் சரக்கு, சிசிலியில் செல்லாது.

செல்லாத அந்தச் சரக்கை இறக்குமதி செய்வதனால் விளையும் நஷ்டம் என்ன என்பதை ஒரு சம்பாஷணையால் காட்டலாம். கொமிசியோனின் கடிதத்துடன் என்னிடம் வந்த ஒரு தம்பி, அதிலுள்ள பிழைகளையெல்லாம் சிவப்பு மையால் கோடிட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"அண்ணை, என்னைப் பிடிச்ச திகதியை அவர் மாறி எழுதிப்போட்டார். மொழிபெயர்த்தவரும் பிழை. இதை வைச்சு அடிக்கலாந்தானே?"

"அடிக்கலாம் தம்பி, அதையும் எழுதுவம். அது கிடக்கட்டும், இப்ப ஊரிலை உங்கடை வீட்டுக்கு ஆர் வந்து போறாங்கள்?"

"போன மாசமும் ரெண்டு பேர் வந்து அம்மாட்டை என்னைப் பற்றி விசாரிச்சவை. அதை ஏன் கேக்கிறியள்? அது கேஸ் முடிஞ்ச பிறகு நடந்ததெல்லே."

கேஸ் முடிந்த பிறகு நடந்தது! அவருடைய வழக்கின் ஜீவநாடியே அதுதான் என்பதை அவருக்கு ஒருவரும் சொல்லவில்லை. இத்தாலியச் சட்டத்தில் நீதிபதி கைகட்டி உட்கார்ந்து, சாக்ஷியம் கொண்டுவா என்று சொல்லும் நடுவர் அல்லர். விண்ணப்பதாரி தன்னால் ஆன முயற்சியைச் செய்து, தன் கதையை முரணில்லாமல் சொன்னால், எஞ்சிய உண்மையைத் தேடுவதில் ஒத்துழைக்க வேண்டிய கடமை நீதிபதிக்கும் உண்டு. அவன் நாட்டின் இன்றைய நிலைமையைப் பற்றிய அறிக்கைகளை அவர் தாமாகவே வரவழைத்துப் பார்க்க வேண்டும். கொமிசியோன் முன்னிலையில் நடந்த நேர்காணலுக்குக் காணொளிப் பதிவு இல்லையென்றால், வழக்கை வெறுங்காகிதத்தில் முடித்துவிடாமல் விசாரணைக்கு நாள் குறித்தே ஆகவேண்டும் என்று 2018-இல் கசாசியோனே சொல்லியிருக்கிறது. இவ்வளவு வாசல்கள் திறந்திருக்க, நம் தம்பி சாவித்துவாரத்தின் வழியாகத் திகதிப் பிழையை நீட்டிக்கொண்டிருந்தார். தாயாரின் சத்தியக்கடதாசியும், கிராம சேவகரின் கடிதமும், இங்கே அவர் கலந்துகொண்ட நினைவுநாள் ஒன்றின் புகைப்படமும் பிறகு அவருடைய கோப்பில் சேர்ந்தன.

இந்த 'இன்று' என்னும் அளவுகோல் நமக்குச் சாதகமாக மட்டுமே வெட்டும் கத்தி என்று நினைத்துவிடக் கூடாது. 2008-இல் வன்னியிலிருந்து தப்பிவந்தவன் ஒருவனுடைய வழக்கு நியாயஸ்தலத்தில் தூங்கிக் கிடந்து 2012-இல் விழித்தெழுந்தபோது, அவன் தப்பிய யுத்தமே முடிந்துபோயிருந்தது. அன்றைய ஆபத்து மெய்தான், இன்று உண்டா என்று நீதிபதி கேட்டார். தாமதம் என்பது நீதியின் சோம்பல் மாத்திரமல்ல. அது சாக்ஷியத்தையே மாற்றிவிடுகிறது. 2013-இல் இலண்டனின் மேல்தீர்ப்பாயம் இலங்கைத் தமிழரைப் பற்றி வழிகாட்டியாக அளித்த தீர்ப்பில், பழைய இயக்கத் தொடர்பு என்பதைவிட, புலம்பெயர்ந்த நாட்டில் பிரிவினை இயக்கத்துக்குப் புத்துயிர் கொடுக்க முனைகிறவராக இலங்கை அரசு இன்று யாரைக் கருதுகிறது என்பதே முக்கியம் என்று சொல்லப்பட்டது. அதாவது, யாழ்ப்பாணத்தில் நடந்ததைவிடப் பலெர்மோவில் நடந்தது வழக்கைத் தீர்மானிக்கலாம். 1979-ஆம் வருஷத்துப் பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் கீழ் யுத்தம் முடிந்த பிறகும் கைதுகள் நடந்து வந்திருக்கின்றன என்பதையும் அதே தராசில் வைக்க வேண்டும்.

இனி, வாசல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டு வருவதைச் சொல்லவேண்டும். 2017-இல் அபய வழக்குகளுக்கென்று விசேஷப் பிரிவுகளை ஏற்படுத்தியபோது, மூவர் அடங்கிய அந்தப் பிரிவு தீர்த்தால் அதற்குமேல் சம்பவங்களை ஆராயும் மேன்முறையீடு இல்லை என்றும் சேர்த்தே விதித்தார்கள். ஒரு கதவின் சிறு உடைசலுக்கு வழக்காடுபவனுக்கு மூன்று படிகள் உண்டு, உயிருக்கு வழக்காடுபவனுக்கு ஒன்றரைப் படி. கசாசியோனே சட்டத்தை மட்டுமே பார்க்கும். அங்கே போவதற்கு 30 நாள். தீர்ப்பு வந்த பிறகு புதிதாகக் கையெழுத்திட்ட அதிகாரப்பத்திரமும் வேண்டும். பழைய வக்காலத்துப் போதும் என்று இருந்துவிட்டு வாய்ப்பிழந்தவர்கள் உண்டு. 2018-இல் உள்துறை மந்திரி சல்வீனியின் ஆணை மனிதாபிமானப் பாதுகாப்பை ஒழித்தது. 2020-இல் வேறு பெயரில் அது விரிந்து திரும்பியது. 94 பேர் மாண்ட கூத்ரோ கப்பற்சேதத்துக்குப் பிறகு, 2023-இல் அதை மறுபடி சுருக்கினார்கள். செத்தவர்களின் பெயரால் இருப்பவர்களின் உரிமையைக் குறைக்கும் இந்த வித்தையை எந்தச் சாஸ்திரத்தில் கற்றார்களோ!

நம்மை நேராகத் தாக்கியது 2024 மே மாதத்து ஆணை. பாதுகாப்பான தேசங்கள் என்று இத்தாலி வைத்திருக்கும் ஜாபிதாவில் அன்று புதிதாகச் சேர்ந்த ஆறு தேசங்களில் இலங்கையும் ஒன்று. ஜாபிதாவில் பெயர் ஏறிய தேசத்தவன், தன் தேசம் தனக்குப் பாதுகாப்பானதல்ல என்று தானே காட்ட வேண்டும், நடைமுறை துரிதமாகும், நாடுகடத்தலை நிறுத்திவைக்க, மேன்முறையீடு செய்தவுடன் தானாகக் கிடைக்கும் தடையுத்தரவு கிடைக்காமற் போகலாம், அதை நீதிபதியிடம் தனியே கேட்டுப் பெறவேண்டும். கொமிசியோன் துரித நடைமுறையின் கெடுக்களைத் தானே மீறினால் அந்தத் தடை மறுபடி உயிர்பெறும் என்று கசாசியோனே சொல்லியிருப்பதையும் அப்புக்காத்துக்கு நினைவூட்டுவது நல்லது. அவ்வருஷம் ஒக்டோபரில் அல்பேனியாவில் இத்தாலி அமைத்த தடுப்புமுகாமுக்குக் கொண்டுபோகப்பட்ட பன்னிருவரின் தடுப்பை, அவர்களுடைய தேசங்களைப் பாதுகாப்பானவையாகக் கொள்ள முடியாது என்று ரோம் நீதிபதிகள் ஏற்க மறுத்ததும், அரசாங்கம் சில நாட்களிலேயே ஜாபிதாவை ஆணையிலிருந்து சட்டத்துக்கு உயர்த்தி 19 தேசங்களாக அமைத்தது. நைஜீரியா, கமரூன், கொலம்பியா மூன்றும் விழுந்தன, இலங்கை விழவில்லை. தடுப்பை உறுதிசெய்யும் அதிகாரத்தையும் விசேஷப் பிரிவுகளிடமிருந்து பிடுங்கி மேன்முறையீட்டு நீதிமன்றங்களுக்குக் கொடுத்தார்கள். நீதிபதிகள் அரசியல் செய்கிறார்கள் என்று மந்திரிகள் முழங்கினார்கள். மாஃபியா கொன்ற நீதிபதிகளின் பெயர்கள் நியாயமாளிகையின் அருகே கல்லில் பொறித்திருக்கும் இந்த ஊரில் அந்த முழக்கம் என் காதுக்கு ரசிக்கவில்லை.

பிறகு 2025 ஓகஸ்ட் 1-ஆம் திகதி லக்ஸம்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம், ஜாபிதாவைச் சட்டமாகவே இயற்றினாலும் அது நீதிபதியின் பரிசோதனைக்கு உட்பட்டதே, எந்த ஆதாரங்களைக் கொண்டு ஒரு தேசத்தைப் பாதுகாப்பானது என்றீர்களோ அவற்றை வழக்காளியும் நீதிபதியும் பார்க்கும்படி வைக்க வேண்டும், ஒரு சாராருக்குக்கூடப் பாதுகாப்பில்லாத தேசத்தை அந்த ஜாபிதாவில் சேர்ப்பது அன்றைய விதிகளின்படி செல்லாது என்று தீர்த்தது. தமிழருக்கு இது எவ்வளவு பெரிய ஆயுதம் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் ஆயுதத்துக்கு ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது: 2026 யூன் மாதத்திலிருந்து அமலாக வேண்டிய ஐரோப்பியப் புதுவிதிகள், குறிப்பிட்ட சாராரை விலக்காக வைத்துவிட்டு ஒரு தேசத்தைப் பாதுகாப்பானது என்று சொல்ல இடம் கொடுக்கின்றன. அப்போது, நான் அந்த விலக்குக்குள் வருகிறவன் என்பதை ஒவ்வொருவனும் தன் கோப்பைக் கொண்டே காட்டவேண்டியிருக்கும்.

ஆகவே கோப்பைச் சேர்த்து வையுங்கள். வருமானம் குறைந்தவருக்கு அரசாங்கச் செலவில் அப்புக்காத்து கிடைப்பார். அதற்குக் கூச்சப்பட வேண்டாம். கடிதம் கையில் கிடைத்த திகதியை உறையின்மேலேயே எழுதிவையுங்கள், ஏனென்றால் 30 நாள் என்பது அதிலிருந்துதான் ஓடுகிறது. துரித நடைமுறைகளில் அது பாதியாகவோ அதனினும் குறைவாகவோ இருக்கும், எத்தனை நாள் என்பது கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். இன்னொன்று: இத்தாலியில் சாதாரண வழக்குகளுக்கு ஓகஸ்ட் மாதம் முழுவதும் கெடு ஓடாது, நியாயஸ்தலமும் ஊரோடு சேர்ந்து கடற்கரைக்குப் போய்விடும் என்று எல்லாருக்கும் தெரியும்; அபய வழக்குகளுக்கு மாத்திரம் அந்த விடுமுறை கிடையாது என்று சட்டமே சொல்கிறது. யூலைக் கடைசியில் கடிதம் பெற்றவர், ஓகஸ்ட் 15-ஆம் திகதித் திருநாளுக்கு அப்புக்காத்துகளெல்லாம் கந்தோரைப் பூட்டிக்கொண்டு மொந்தெல்லோவில் நீந்தப் போவதற்கு முன்னால், ஒருவரையாவது பிடித்துக் கையெழுத்து வைத்துவிட வேண்டும்.